செல்லாயி ஏமாற்றிய புத்தகம்

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் இரண்டு கடிதங்கள் தந்துவிட்டுப் போனார்.

ஒன்று வான்கடிதம். இந்திய முத்திரை. நீலத் தாளின் மடிப்பைக் கிழிக்காமல் மேசையில் வைத்தேன். சில கடிதங்களை உடனே பிரிக்க எனக்கு மனம் வராது. நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்... இந்த வாரப் பத்தி முடிவதற்குள் பிரித்துவிடுவோம்.

மற்றது வெலிமடையிலிருந்து. ஓர் ஆசிரியர். பத்திரிகையில் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர். வாரம் தவறாமல் பிழை கண்டுபிடிப்பவரும் அவர்தான். இந்த முறை பிழை எதுவும் இல்லை. ஒரு கேள்வி மட்டும்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மருந்து வாங்கும் வரிசை. சுவரில் ஓர் அட்டவணை. அதன் தலைப்பில் இங்கிலீஷில் 'மோட்டாலிட்டி' என்று ஒரு சொல். முன்னால் நின்ற பெண் திரும்பி, "அது என்னங்க சேர், என்னமோ பெரிசா எழுதியிருக்கு?" என்று கேட்டாளாம். அவள் கையில் ஒரு குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல்.

"சாவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை ஐயா. தெரியாது என்று சொல்லிவிட்டேன். இருபது வருடமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறவன் நான்! அந்தச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் எழுதுங்கள். இன்னொரு தடவை யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்."

நல்ல கேள்வி. நல்ல மனிதர்களுக்கு மட்டும் வருகிற கேள்வி.

அகராதியை இறக்கித் தூசி தட்டினேன். லத்தீனில் 'மோர்ஸ்' என்றால் சாவு. அதிலிருந்து 'மோர்ட்டாலிஸ்' — சாகக்கூடியவன். பிரெஞ்சு வழியாக நடந்து, இங்கிலீஷில் வந்து உட்கார்ந்தபோது மோட்டாலிட்டி. நம் பக்கத்திலும் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மரணம், மிருத்யு — வடமொழி வழி வந்த இரண்டும் அதே வேர். சாகாமல் வைக்கும் அமிர்தமும் அந்த வேரில்தான் முளைத்தது. வேடிக்கையாக இல்லை? எத்தனையோ ஆயிரம் மைல் இடைவெளியில், ஒருவர் முகம் ஒருவர் பாராத மனிதர்கள், உதட்டை ஒருமுறை மூடித் திறந்து 'ம' என்று ஆரம்பித்துத்தான் சாவைச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் எழுத இவ்வளவு போதும். ஆனால் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது அகராதியில் அல்ல. ஒரு தோட்டத்து மருந்துக் காம்பராவில், அதாவது மருந்து கொடுக்கிற அறையில்.

இருபது வருடம் இருக்கும். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே நான் சின்னக் கிளாக்கர், கணக்கு எழுதுகிறவன். வயது இருபத்திரண்டு. எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத கால் எனக்கு. சட்டைப் பையில் எப்போதும் நாலாக மடித்த கவிதை ஒன்று இருக்கும். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் இருக்கும்.

தோட்டத்து மருந்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவக்கொழுந்தர். யாழ்ப்பாணத்துக்காரர். உத்தியோகப்படி டிஸ்பென்சர், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு டாக்டரய்யா. வெள்ளைக் கால்சட்டை, குடை, சுருட்டு. பேச்சு கறார். கை மட்டும் பஞ்சு. அழுகிற குழந்தைக்கு அவர் ஊசி குத்தினால், குத்தி முடித்த பிறகுதான் குழந்தைக்கே தெரியும்.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. நல்ல பருமன், பச்சைத் துணி அட்டை. திறந்தால் இடது பக்கத்தில் பிறப்பு. வலது பக்கத்தில் அந்த இங்கிலீஷ் சொல். தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால் இடது பக்கத்தில் ஒரு வரி. யாராவது இறந்தால் வலது பக்கத்தில் ஒரு வரி. மாதம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு தோட்டத்தின் மூச்சு முழுவதும் அந்தப் பச்சை அட்டைக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் சிவக்கொழுந்தரின் கண்ணாடி உடைந்துவிட்டது. பண்டாரவளையில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். "தம்பி, எனக்கு எழுத்து ஒண்டும் தெரியேல்லை. ரெண்டு கிழமைக்கு நீர் வந்து இதை எழுதித் தாரும்" என்றார். போனேன்.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் செல்லாயிக்குக் குழந்தை பிறந்தது.

செல்லாயி கொழுந்து பறிக்கிற பெண். புருஷன் ராமையா கவ்வாத்துக்காரன்; புதுக் கொழுந்து விடத் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற ஆள்களில் அவன் கை சுத்தம் என்று பேர். ஒரு நாளில் அவன் பேசுகிற பேச்சைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவர்களுக்கு அது நாலாவது பிள்ளை. முதல் மூன்றும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள். ஒன்று ஒன்றரை மாதம். ஒன்று பேர் எழுதின மறுநாள்.

பிறந்து ஒன்பதாம் நாள், வெயில் ஏறின நேரம், மருந்துக் காம்பரா வாசலில் வந்து நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் குழந்தை இல்லை. சிவக்கொழுந்தர் உள்ளே யாருக்கோ புண் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரய்யா, எம் புள்ளைய புஸ்தகத்துல எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல செல்லாயி. பேர் சொல்லு, எழுதிடுறேன்."

"எழுதாதீங்க."

எழுதாவிட்டால் முடியுமா? அந்த நாட்களில் தோட்டத்து மனிதர்களுக்கு ஊர் எது என்பதை இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே இருப்பதானாலும் கடதாசி. அங்கே போவதானாலும் கடதாசி. புத்தகத்தில் பேர் இல்லாத பிள்ளை எந்த ஊருக்கும் பிள்ளை இல்லை. அதைச் சொன்னேன்.

அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால், தொடாமல், காட்டினாள்.

"இந்தப் பக்கந்தானே பொறந்தா எழுதுறது?"

"ஆமா."

"மூணு தடவ இந்தப் பக்கம் எழுதினாரு டாக்டரய்யா. மூணு தடவயும் அந்தப் பக்கம் போயிருச்சு. பேரு எழுதி மை காயிறதுக்குள்ள புஸ்தகம் எடுத்துக்கிருது சாமி." விரலை வலது பக்கத்துக்கு நகர்த்தினாள். "அந்தப் பக்கம் தலையில என்னமோ இங்கிலீசுல இருக்கே... அது என்னங்க?"

ஆசிரியரே, உங்கள் வரிசையில் நின்ற பெண்ணும் இவளும் எனக்கு ஒருவர்தான்.

எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் உங்களைப் போலத் தெரியாது என்று சொல்லத் தோன்றவில்லை. பொய் வந்துவிட்டது.

"மனுசங்கன்னு அர்த்தம்" என்றேன்.

"வெறும் மனுசங்களா?"

"வெறும் மனுசங்கதான்."

நம்பினாளா என்று தெரியாது. கொஞ்சம் கிட்ட வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு கள்ளத்தனம் வந்தது. மூன்று பிள்ளைகளைப் புதைத்த முகத்தில் அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"அப்படின்னா ஒண்ணு செய்யிங்க. புள்ளைக்கு வீட்டுல வேற பேரு வச்சாச்சு. அத எழுதாதீங்க. நீங்களா ஒரு பேரு எழுதிருங்க. ஏதாச்சும் ஒரு பேரு. புஸ்தகம் தேடி வந்தா அந்தப் பேரத் தேடட்டும்."

"என்ன பேர் எழுத?"

"எங்கிட்ட சொல்லாதீங்க!" — பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சா வாய் தவறிக் கூப்புட்டுப்புடுவேன். ஒங்களுக்குள்ளயே வச்சுக்குங்க."

வீட்டில் வைத்த பேர் எது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. லயம் முழுக்கத் தெரியும். பிறந்த மூன்றாம் நாள் குழந்தையைச் சுளகில் போட்டு, கோழி கிண்டுகிற குப்பைமேட்டில் வைத்து எடுத்தார்கள். பக்கத்துக் காம்பரா பாக்கியம் ஒரு கொத்துத் தவிடு கொடுத்துக் குழந்தையை 'வாங்கினாள்'. பேர் குப்பாயி. அன்றிலிருந்து அது பாக்கியத்தின் பிள்ளை. செல்லாயி பால் மட்டும் கொடுக்கிறவள். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். தவிட்டுக்கு விற்ற குப்பையை எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. எமனுக்குக் குப்பாயி போதும். புத்தகத்துக்கு இன்னொன்று வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பும் கூச்சமும் வருகிறது. இருபத்திரண்டு வயதுக் கவிஞனிடம் ஒரு வெற்று வரியைக் கொடுத்து, உன் இஷ்டத்துக்குப் பேர் எழுது என்றால்? பேனாவை உதறிக்கொண்டேன். யோசித்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். எழுதினேன். அழகான எழுத்தில், சுழி சுழியாக. அச்சேறாத என் கவிதைகளுக்கு நடுவே அரசாங்கத்துக்குப் போன என் ஒரே சொல் அது.

அடுத்த மழைக்கு முன்பு அந்தத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டேன்.

பிறகு என்னென்னவோ. நானுஓயாவில் டியூஷன் மாஸ்டர். கொழும்பில் ஒரு கொம்பனியில் தட்டச்சு. மாத்தளையில் ஒன்றுமே செய்யாமல் ஐந்து மாதம். பத்துப் பதினொரு வருடம் கழித்துப் பண்டாரவளைக்கே திரும்பி, ஹனீபா நானாவின் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம். கலியாணக் கார்டு ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா பேரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வாசலில் மூன்று பேர். தலை நரைத்த ராமையா. கையில் துணிப் பையோடு செல்லாயி. அவள் முதுகுக்குப் பின்னால், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பிள்ளை. முழங்காலில் உரசல், கண்ணில் குறும்பு. பள்ளிக்கூட வெள்ளைக் கவுன்.

"இதாங்க குப்பாயி" என்றாள் செல்லாயி. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "கும்புடு புள்ள!"

நான் எழுந்தே விட்டேன். அந்தக் குழந்தை! இருக்கிறது! ஓடுகிறது, பின்னல் போடுகிறது, அச்சு இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்து ஹனீபா நானாவிடம் அதட்டல் வாங்குகிறது!

"ஐயா, நாங்க கப்பல் ஏறப் போறோம்" என்றாள் செல்லாயி. "இந்தியாவுக்கு எழுதிட்டாங்க. கண்டியில இருக்குற இந்தியா ஆபீஸ்லருந்து காயிதம் வந்திருக்கு. எல்லாருக்கும் சட்டுபிகேட்டு வேணுமாம். எங்க ரெண்டு பேருக்கும் இருக்கு. இவளுக்கு எடுக்கணும்னா புஸ்தகத்துல இருக்குற பேரச் சொல்லணுமாம். சட்டுபிகேட்டு இல்லாட்டி இவள ஏத்த மாட்டாங்களாம்." துணிப் பையை இறுக்கிக்கொண்டாள். "அந்தப் பேரு ஒங்களுக்கு மட்டுந்தானே தெரியும். அதான் அங்கங்க விசாரிச்சுத் தேடி வந்தோம்."

வாசகர்களே, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஞாபகம் இல்லை.

பேனாவை உதறியது ஞாபகம் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே சவுக்கு மரம் நின்றது ஞாபகம் இருக்கிறது. சுழித்த எழுத்துக்கூட... ஆனால் பேர்? பூவா? நிலவா? நதியா? எத்தனை பேர்களை எத்தனை கவிதைகளில் அள்ளி எறிந்திருக்கிறேன்! ஒரு தாய், பிள்ளையின் பேரை என்னிடம் ஒப்படைத்திருந்தாள். நான் அதைத் தொலைத்துவிட்டு நாலு ஊர் சுற்றி வந்திருக்கிறேன்.

"நல்ல ஆள் பார்த்துக் கொடுத்தீங்க" என்றார் ஹனீபா நானா. "காலையில சாப்பிட்டது என்னான்னு கேட்டா இவரு என்னையத்தான் கேப்பாரு." பிறகு என் கையிலிருந்த புரூப்பைப் பிடுங்கிக்கொண்டார். "போங்க கவிஞரே. கல்யாணம் ரெண்டு நாளு காத்திருக்கும். கப்பலு காத்திருக்காது."

அடுத்த பஸ்ஸில் நாலு பேரும் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்டம் கைமாறியிருந்தது. துரை மாறியிருந்தார். பெயர்ப் பலகை மாறியிருந்தது. சிவக்கொழுந்தர் மாறவில்லை. அதே குடை, அதே சுருட்டு. ஓய்வுபெற மூன்று மாதம்.

"ஓ... கவிஞரோ!" என்றார். "நிண்ட இடத்திலை நிக்க மாட்டீர். இப்ப என்னத்துக்கு வந்தனீர்?"

சொன்னேன். செல்லாயியின் வேண்டுகோள், பொய்ப் பேர் எல்லாவற்றையும். அவர் முகம் சிவந்தது.

"என்ரை புத்தகத்திலை பொய் எழுதினனீரோ? என்ரை புத்தகத்திலை?"

பழைய அலுமாரியைத் திறந்து பச்சை அட்டையை இழுத்துப் போட்டார். செல்லாயி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். குப்பாயியையும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இடது பக்கம். விரலை வைத்து இறங்கினேன். சிவக்கொழுந்தரின் நேர் எழுத்துகளுக்கு நடுவே, கலியாண வீட்டுக் கோலம் போல என் எழுத்து. தாய் செல்லாயி. தகப்பன் ராமையா. பெண். பேர்...

"இருக்கு!" என்றேன். சத்தம் போட்டுப் படிக்கப் போனேன். செல்லாயி கையை நீட்டித் தடுத்தாள். "சொல்லாதீங்க! எழுதிக் குடுங்க, போதும்."

அப்போதுதான் சிவக்கொழுந்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். நாலைந்து தாள் தள்ளிப் புரட்டினார். அவர் விரல் வலது பக்கத்தில் போய் நின்றது. அதே பேர். அவருடைய நேர் எழுத்தில்.

நான் வைத்த பேர்க்காரி எட்டு மாதத்தில் இறந்திருந்தாள்.

"கடவுளே..." என்று நாற்காலியில் உட்கார்ந்தார் சிவக்கொழுந்தர். மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது அவருக்கு. பிள்ளைக்காம்பராவில் அம்மை குத்துகிற நாள். தாய்மார் எல்லாரும் மலையில் கொழுந்து பறிக்கிற நேரம் அது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா மட்டும் இருந்தாள். இந்தப் பேரைக் கூப்பிட்டார். அப்படி ஒரு பிள்ளை இல்லை என்றாள் ஆயா. "செல்லாயின்ரை பிள்ளை எங்கையடி எண்டு கேட்டனான் தம்பி. செல்லாயிக்குப் புள்ள இல்லீங்களே சாமி எண்டாள். அடுத்த முறையும் கேட்டனான். அதே பதில்."

ஆயா பொய் சொல்லவில்லை. தவிட்டுக்கு விற்ற பிள்ளை செல்லாயியின் பிள்ளை எப்படி ஆகும்? அந்த ஆயாவின் இடுப்பிலேயே அந்த நேரம் குப்பாயி இருந்திருப்பாள் — பாக்கியத்தின் பிள்ளையாக.

"மூண்டு பிள்ளையும் தங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். இதுவும் போட்டுது எண்டு நினைச்சன். துக்கம் கேக்கக்கூட எனக்கு மனம் வரேல்லை. பேசாமல் எழுதிப்போட்டன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயிரோடை நிக்கிற பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டன்."

செல்லாயிக்கு என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல! வந்துருக்கு! தேடி வந்துருக்கு! பொய்ப் பேர எடுத்துக்கிட்டுப் போயிருக்கு!" சிரித்தாள். குப்பாயியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். "எம் புள்ளைய எடுக்கல... எம் புள்ளைய எடுக்கல..."

சிவக்கொழுந்தர் எழுந்து சிவப்பு மையைத் திறந்தார். "நான் பிழை விட்டனான் எண்டு எழுதி, இந்த வரியை வெட்டி, கையெழுத்து வைக்கிறன். மேலிடத்துக்கும் கடிதம் எழுதுறன். பிள்ளை கப்பல் ஏறலாம்."

செல்லாயியின் சிரிப்பு நின்றது. பத்து வருடமாகத் தொடப் பயந்த புத்தகத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"வெட்டாதீங்க."

"விசரோ உனக்கு? வெட்டாட்டி உன்ரை பிள்ளை செத்ததுதான். செத்த பிள்ளையை ஆர் கப்பலிலை ஏத்துவான்?"

"வெட்டுனா அது வெறுங்கையோட நிக்கும் சாமி. திரும்பி வரும். இந்தத் தடவ பொய்ப் பேரு இல்ல. நெசப் புள்ளையத்தான் எடுக்கும். நான் வெட்ட விட மாட்டேன்."

"அப்ப இவளை இங்கை விட்டிட்டுப் போகப்போறியோ?"

"அதுவும் மாட்டேன்."

பேனாவின் நுனியில் சிவப்பு மை திரண்டு நின்றது. அவள் கை புத்தகத்தில். தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். என்ன சொல்வது? இது மூடநம்பிக்கை என்று நான் சொல்லலாம். மூன்று பிள்ளையைப் புதைத்தவளிடம், ஒன்றையும் புதைக்காதவன் என்ன சொல்வது?

அப்போது ராமையா பேசினான். அன்றைய தினத்துக்கான அவன் பேச்சு முழுவதும் இதுதான்:

"அது ஒரு புள்ள. இது ஒரு புள்ள. ரெண்டாப் பொறந்துச்சுன்னு எழுதிட்டா என்னங்க?"

சிவக்கொழுந்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாய் திறக்காமல் இருந்தது நாட்டுக்கு நல்லதுதான் ராமையா" என்றார்.

பேனாவை வைத்தார். சுருட்டைப் பற்றவைத்தார். அணைத்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பேர் எழுதிய நாளில் பார்த்த அதே சவுக்கு மரத்தை. குப்பாயி மேசையருகே வந்து, அவருடைய மருந்து உரலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

"தெரியாமல் ஒரு பொய்ச்சாவு எழுதினனான்" என்றார் கடைசியில், என்னைப் பாராமல். "தெரிஞ்சு ஒரு பொய்ப்பிறப்பு எழுதினால் சரியாப் போகுமோ தம்பி?"

சிவப்பு மையை மூடினார். நீல மையைத் திறந்தார்.

இரட்டைக் குழந்தைகள். ஒன்றைப் பதியும்போது மற்றது விடுபட்டுவிட்டது. பிரசவத்துக்குப் போன டிஸ்பென்சர் என்ற முறையில் அவரும், புத்தகத்தில் எழுதிய கிளாக்கர் என்ற முறையில் நானும் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தோம். ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தவர் ஒவ்வோர் எழுத்தாக மெல்லப் போட்டார். நான் ஒரே இழுப்பில் போட்டேன். பொய்யில் எனக்கு முன்னனுபவம் இருந்தது.

அடுத்த கிழமை பதுளையில் பதிவாளர் கந்தோர். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடதாசிகளைப் புரட்டிவிட்டுச் செல்லாயியைப் பார்த்தார்.

"இரட்டைப் பிள்ளைகளா அம்மா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். செல்லாயி கண் சிமிட்டவில்லை.

"ஆமாங்க. ரெண்டு பொண்ணு. ஒண்ணு தங்கல."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நல்ல நடிப்பு என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

மேசைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேர்: குப்பாயி. முத்திரை விழுந்தது. கந்தோரே அதிர்ந்தது போல் எனக்கு இருந்தது.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் பால் விடாத பிளேன்டி குடித்தோம். பூனாகலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. குப்பாயி பனிஸ் தின்றுகொண்டு, சான்றிதழில் தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லாயி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தாள்.

"கிளாக்கரய்யா... இப்பச் சொல்லலாமே. அந்தப் புள்ள பேரு என்னங்க?"

சொன்னேன். "தேன்மொழி."

"தேன்மொழி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை. அவள் வாயில் அந்தப் பேர் என் கையெழுத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. பிறகு அழ ஆரம்பித்தாள். பஸ் நிலையம், சனம், கண்டக்டர்மார் கூச்சல்... ஒன்றும் அவளுக்கு இல்லை. தோள் குலுங்க அழுதாள்.

ராமையா என்னைப் பார்த்தான். "பொறக்காத புள்ளைக்கு அழுவுறா" என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொறக்காம என்ன? புஸ்தகத்துல பொறந்துருக்கு. புஸ்தகத்துல செத்துருக்கு. அக்காளுக்குப் பதிலாப் போயிருக்கு. அதுக்குன்னு அழுவ ஒரு ஆளு வேணாமா?"

கையிலிருந்த பிளேன்டியைக் கீழே வைத்தேன்.

நான் பேர் வைக்க மட்டும் தெரிந்தவன். அழத் தெரிந்தவள் அவள். எழுதுகிறவர்கள் எல்லாரும் பதுளை பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம் செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழ வேண்டும் என்று அதற்குப் பிறகு பல முறை நினைத்திருக்கிறேன். ஒரு பேரை எழுதினால், அந்தப் பேருக்காக அழவும் கொஞ்சம் கண்ணீர் கையில் வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் போய்விட்டார்கள். சிவக்கொழுந்தர் ஊருக்குப் போய், அங்கே போன வருடம் தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய பேரை யார், எந்தப் பக்கத்தில், எந்த மையில் எழுதினார்களோ...

சரி. இப்போது அந்த வான்கடிதத்தைப் பிரிக்கலாம்.

நீலகிரியிலிருந்து. எழுத்து எனக்குப் புதிது. கையெழுத்துப் போட்டிருப்பது குப்பாயி. கலியாணமாகி ஒரு வருடம் ஆகிறதாம். அங்கேயும் தேயிலைதான்; அங்கேயும் மழைதான்; கொழுந்து மட்டும் நம்மூர்க் கொழுந்து மாதிரி இல்லையாம். அப்பா இப்போது இன்னும் குறைவாகப் பேசுகிறாராம். போன மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதப் பேர் கேட்டபோது, அம்மா முந்திக்கொண்டு சொன்னாளாம்.

"தேன்மொழின்னு வச்சிருக்கோம் ஐயா. இந்தத் தடவ நெசப் பேரே அதுதான். ஒரு தடவை எடுத்த பேரைப் புஸ்தகம் ரெண்டாந்தடவை எடுக்காது, அதைவிட பத்திரமான பேர் ஒலகத்துல இல்லைன்னு அம்மா சொல்லுது. ஒங்ககிட்டயும் சொல்லச் சொன்னுச்சு."

அகராதி இன்னும் மேசையில் திறந்தபடி கிடந்தது. மூடப் போனவன் அதே பத்தியில் ஒரு வரி கீழே பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் போட்டிருந்தார்கள்: மனித குலம். வடமொழியிலும் அப்படித்தானாம் — 'மர்த்தியன்' என்றால் சாகிறவன், அதாவது, மனிதன்.

வெலிமடை ஆசிரியரே, அந்தப் பெண்ணை மறுபடி வரிசையில் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்: "வெறும் மனுசங்கதான் தாயி."